கலங்கரை விளக்குக்கு நல்லூரில் தைத்த திரை

திருப்பூருக்கு வந்த புதிதில், அப்பா எங்கே வேலை பார்த்தார் என்று யாராவது கேட்டால் லைட் ஹவுஸில் என்று சொல்வேன். "அது எந்தப் பக்கமுங்க, அவினாசி ரோட்டுலயா?" என்று கேட்பார்கள். பனியன் கம்பெனிக்கு எந்தப் பெயரையும் வைக்கிற ஊர் இது, அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. கடற்கரையில் கப்பல்களுக்கு வெளிச்சம் காட்டும் கோபுரம் என்று விளக்கினால், அடுத்த கேள்வி தயாராக இருக்கும். சுவிட்சைப் போட்டால் எரியப் போகிறது, அதற்கு எதற்கு ஒரு ஆள்?

எங்கள் விளக்கு தென்கோடியில் ஒரு மணல் மேட்டில் நிற்கிறது. அதன் எதிரே கடலுக்குள் ஒரு பாறைத் திட்டு தண்ணீருக்கு அடியில் நீண்டு கிடக்கிறது. பாறை வெளியே தெரியாது, அலை அங்கே கொஞ்சம் வெளுத்து உடையும், அவ்வளவுதான். அதில் மோதி உடைந்த பாய்மரக் கப்பல்களின் மரத்தை எடுத்துக் கதவு செய்த வீடுகள் ஊரில் இருந்தன. வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே கல் கோபுரம் எழும்பியது. முதலில் தேங்காயெண்ணெயில் திரி போட்டு எரித்தார்கள். அப்புறம் மண்ணெண்ணெய் வந்தது. பிறகு பெட்ரோமாக்ஸ் மாதிரி மேன்டில் கட்டி எரிக்கிற விளக்கு. அப்பா வேலைக்குச் சேர்ந்தபோது மின்சார பல்பும் மோட்டாரும் வந்துவிட்டன. ஆனால் அத்தனை மாற்றத்துக்கும் நடுவில் மாறாமல் இருந்தது ஒன்றுதான். அது லென்ஸ்.

ஆள் உயரத்துக்கும் மேலான கண்ணாடிக் கூண்டு அது. பித்தளைச் சட்டத்தில் கண்ணாடிப் பட்டைகளை வளையம் வளையமாகப் பதித்திருப்பார்கள். நடுவில் ஒரு சின்ன விளக்கு எரிந்தால் போதும், அந்த வெளிச்சத்தைச் சிதறவிடாமல் சேர்த்துப் பிடித்துக் கடலுக்கு மேலே நீளமாக அனுப்பிவிடும். அவ்வளவு கனமும் பாதரசம் ஊற்றிய தொட்டியில் மிதந்தது. பெருவிரலால் தள்ளினாலே நகரும். லென்ஸ் சுற்றுவதால்தான் தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு விளக்கு மின்னி மின்னி மறையும். ஒவ்வொரு கலங்கரை விளக்கும் தனக்கென்று ஒரு கணக்கில் மின்னும். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் கடலில் இருப்பவன் எந்தக் கரைக்கு எதிரே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்வான். சுற்றும் வேகம் பிசகினால், எங்கள் விளக்கு இன்னொரு ஊர் விளக்காகிவிடும்.

அதற்குத்தான் ஆள்.

இன்னொரு வேலையும் இருந்தது. விடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு, கண்ணாடி அறையைச் சுற்றித் திரை போட வேண்டும். இரவில் உள்ளே இருந்து வெளியே போகிற வெளிச்சத்தைச் சேர்த்து அனுப்பும் லென்ஸ், பகலில் வெயிலையும் அதே மாதிரி சேர்த்து உள்ளே பாய்ச்சும். திரை போடாவிட்டால் விளக்கே கருகிவிடும். ஆபீஸிலிருந்து வரும் திரைத் துணி உப்புக் காற்றில் சீக்கிரம் நைந்து போகும், அடுத்தது வர நாளாகும். அதனால் அம்மாவே தைத்தாள். குவார்ட்டர்ஸ் ஜன்னல் ஓரத்தில் அவளுடைய கைமெஷின் இருந்தது. ஊர்ப் பெண்களுக்கு ரவிக்கை தைத்த அதே மெஷினில் கலங்கரை விளக்குக்கும் தைத்தாள். அந்தத் துணியை அப்பா தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

நான் பள்ளிப் படிப்பை முடித்த வருஷம் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருந்தது. தையல் தெரிந்தவர்களுக்குத் திருப்பூரில் வேலை கிடைக்கும் என்று எங்கள் ஊர்க்காரர் ஒருவர் சொன்னதை நம்பி அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். இங்கே துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷினைப் பார்த்துப் பயந்தவள், ஆறே மாதத்தில் லைனில் எல்லோரையும் விட வேகமாகத் தைத்தாள். நான் தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங்கில் சேர்ந்து, டெய்லராகி, சூப்பர்வைசராகி, கல்யாணமும் ஆகி, கடைசியில் திருப்பூரை ஒட்டிய நல்லூரில் ஒரு வீட்டின் மாடியில் சொந்தமாக யூனிட் போட்டேன். பெரிய கம்பெனிகளுக்கு டி-ஷர்ட் தைத்துக் கொடுக்கிறோம். அம்மா இன்றும் தினமும் மாடிக்கு வந்து ஒரு ஓரமாக உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டுவாள். வேண்டாம் என்றால் கேட்கமாட்டாள்.

போன வருஷம் தீபாவளி ஆர்டர் எல்லாம் முடிந்து யூனிட்டோடு டூர் போகலாம் என்று பேச்சு வந்தது. பெரும்பாலானவர்கள் கடல் பார்க்க வேண்டும் என்றார்கள். எங்களிடம் கட்டிங் பார்க்கிற அக்கா குன்னத்தூர்ப் பக்கம். தோட்டம், மாடு, பனியன் கம்பெனி என்று வாழ்ந்தவர், அதுவரை கடலைப் பார்த்ததே இல்லை. எங்கள் லைட் ஹவுஸுக்கே போகலாம் என்று நான் சொன்னேன். இப்போது அங்கே டிக்கெட் போட்டு மக்களை மேலே விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

அம்மா வரமாட்டேன் என்றாள். காரணம் கேட்டதற்கு முதலில் முழங்கால் என்றாள். பிறகு, தான் குடியிருந்த இடத்துக்குத் தானே டிக்கெட் வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்பதா என்றாள். நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. கட்டிங் அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏனுங்கம்மா, நீங்க வந்து இது இன்னதுன்னு காட்டாம, நாங்க அங்க போய் என்னத்தைங்க பாக்கறது?"

மறுநாள் அம்மா பெட்டியில் தன் புடவையை எடுத்து வைத்திருந்தாள்.

பஸ் கடற்கரைச் சாலைக்குத் திரும்பியதும் கோபுரம் தெரிந்தது. புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள், அதே சிவப்பு வெள்ளைப் பட்டை. அம்மா முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே வந்தாள். எங்கள் குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் இப்போது டிக்கெட் கவுண்டரும் சின்னப் பூங்காவும் இருந்தன. வேப்பமரத்தை மட்டும் விட்டு வைத்திருந்தார்கள். அம்மா அதன் அடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, சரி வாங்க என்று முன்னால் நடந்தாள்.

மேலே போக லிஃப்ட் போட்டிருந்தார்கள். கடைசித் தளத்துக்கு மட்டும் பழைய இரும்பு ஏணி. அதற்குக் கீழ்த் தளம் வரைக்கும்தான் எல்லோரையும் விடுவார்கள். ஆனால் அங்கே பொறுப்பில் இருந்தது ஒரு இளம் பெண் அதிகாரி. அம்மா யார் என்று நான் சொன்னதும் அவர் எழுந்து நின்றுவிட்டார். அப்பாவின் காலத்துக்குப் பிறகு பிறந்தவராக இருக்க வேண்டும். விளக்கு அறைக்கே கூட்டிப்போகிறேன் என்று சொல்லி, எங்களைச் சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்து ஏற்றினார். ஏணியில் ஏறும்போது கட்டிங் அக்கா அம்மாவைப் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டார்.

அந்தப் பெண் விளக்கின் சரித்திரத்தை அழகாகச் சொன்னார். எனக்குத் தெரியாததும் அதில் இருந்தது. கல் கோபுரம் வருவதற்கு முன்பு, அங்கே உயரமான கொடிமரம் ஒன்றை நட்டு அதில் விளக்கைக் கயிறு கட்டி ஏற்றினார்களாம். பெருங்காற்றில் அது சாய்ந்து போன பிறகுதான் கோபுரம் கட்டியிருக்கிறார்கள். லென்ஸைக் கப்பலில் கொண்டுவந்து நேராக இந்தக் கரையில் இறக்கியதாக அப்பா சொல்வார் என்றேன். அது இல்லை, துறைமுகத்தில் இறக்கி, வைக்கோல் சுற்றிய பெட்டிகளில் மாட்டு வண்டிகளில்தான் வந்தது என்றார் அந்த அதிகாரி. மணலில் சக்கரம் புதையாமல் இருக்கப் பனை ஓலையைப் பரப்பி அதன்மேல் வண்டியை ஓட்டினார்களாம். மாட்டு வண்டி என்றதும் கட்டிங் அக்காவுக்குச் சந்தோஷம். அந்த மாடுகள் எந்த ஊர் மாடுகளாக இருக்கும் என்று கேட்டார். அதிகாரி சிரித்து, அது மட்டும் தெரியவில்லை என்றார்.

"அவருக்கு அப்படிச் சொல்லிக் குடுத்தாங்க, அவரும் அப்படியே சொன்னாரு" என்றாள் அம்மா. அப்பாவை விட்டுக்கொடுக்கவில்லை.

பல்பு மாறி இப்போது எல்.ஈ.டி. விளக்கு வந்திருந்தது, உள்ளங்கை அளவுதான் இருந்தது. லென்ஸ் அதேதான். எங்கள் யூனிட்டில் தைக்கும் ஒடிசாப் பெண் ஒருத்தி, இந்தக் கடல் பக்கம் புயல் வருமா என்று அதிகாரியிடம் கேட்டாள். அவளுடைய ஊர் புயல்களைப் பார்த்த ஊர். வரும் என்ற அதிகாரி, முன்பு ஒரு பெரும் புயலில் ஊர் முழுக்கக் கரண்ட் போய், ஜெனரேட்டர் அறைக்குள் தண்ணீர் ஏறியும் இந்த விளக்கு நிற்கவில்லை என்று இந்த நிலையத்தில் வழிவழியாகச் சொல்வார்கள் என்றார். அது எப்படி என்று மட்டும் யாருக்கும் சரியாகத் தெரியவில்லையாம்.

அம்மா லென்ஸின் பித்தளைச் சட்டத்தில் கை வைத்தாள்.

"கையால சுத்துனோம்."

அந்தப் புயல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் சின்னப் பிள்ளை, கோபுரத்தின் கீழ் அறையில் பக்கத்து வீட்டு அத்தையோடு படுத்திருந்தேன். காற்றின் சத்தம் மட்டும்தான் தெரியும். மேலே நடந்ததை அம்மா அன்றைக்குத்தான் முழுதாகச் சொன்னாள். ஆபத்துக்கென்று வைத்திருந்த மண்ணெண்ணெய் விளக்கை அப்பா ஏற்றி உள்ளே பொருத்தினார். மோட்டார் இல்லாததால் லென்ஸைக் கையால் தள்ள வேண்டும். கூட வேலை பார்த்தவர் பக்கத்து ஊருக்குப் போய் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டார். விளக்கு அணையாமல் பம்ப் அடிப்பதா, லென்ஸைத் தள்ளுவதா என்று அப்பா திணறியபோது அம்மா ஏறிப் போனாள். அப்பா கடிகாரத்தைப் பார்த்து மெதுவாக, மெதுவாக என்று சொல்லச் சொல்ல, அம்மா லென்ஸைச் சுற்றி நடந்துகொண்டே தள்ளினாள். கொஞ்ச நேரத்தில் அவர் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. நடையும் விளக்கின் கணக்கும் ஒன்றாகிவிட்டன. கிழக்கு வெளுக்கும்வரை நிற்கவில்லை. கடலுக்குப் போய்க் கரை தெரியாமல் தவித்த படகுகள், காலையில் ஒன்றன்பின் ஒன்றாகப் பாறைத் திட்டைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தன.

ஒடிசாப் பெண் இதைக் கூட இருந்த பிகார்ப் பையன்களுக்கு இந்தியில் சொல்லிக்கொண்டே வந்தாள். புயல் என்ற இடத்தில் அவள் குரல் தணிந்தது. சொல்லி முடித்ததும் குனிந்து அம்மாவின் காலைத் தொட்டாள். அம்மா கூச்சத்தில் பின்னால் நகர்ந்து ஜன்னலோரம் போனாள். அங்கேதான் திரை அவள் கையில் பட்டது.

நைலான் மாதிரி ஏதோ ஒரு பளபளப்புத் துணி. ஓரம் கிழிந்திருந்தது. வளையம் அறுந்த இடங்களில் சணல் கயிற்றால் கட்டியிருந்தார்கள். அம்மா தையலை விரலால் நிமிர்த்திப் பார்த்தாள். அவள் நூல் பிசிறு வெட்டும்போது எப்படிப் பார்ப்பாளோ, அதே பார்வை. டவுனில் ரெடிமேடாக வாங்கியது, எதை வாங்கினாலும் ஒரு வருஷம் தாங்குவதில்லை என்று அதிகாரி வருத்தத்தோடு சொன்னார்.

நான் யோசிக்கவே இல்லை. நாங்கள் தைத்துத் தருகிறோம் என்றேன். அதிகாரி மேலிடத்தில் அனுமதி கேட்க வேண்டும் என்றார். பொங்கல் கழிந்து ஒரு நாள் போன் வந்தது. அனுமதி கிடைத்துவிட்டது, அளவுகளை அனுப்புகிறேன் என்றார்.

திருப்பூரில் துணிக்குப் பஞ்சமா என்றுதான் ஆரம்பித்தேன். ஒரு எக்ஸ்போர்ட் ஆர்டரில் மிஞ்சிய கெட்டியான பனியன் துணி இருந்தது. ஒரு திரையைத் தைத்து மாடி ஜன்னல் கம்பியில் மாட்டிப் பார்த்தோம். காலையில் ஜன்னல் அளவுக்கு நின்ற திரை, சாயங்காலம் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பின்னல் துணி தன் கனத்திலேயே இழுபட்டுவிட்டது. யூனிட்டே சிரித்தது. கட்டிங் அக்காதான், இதற்கு நெய்த துணிதான் வேண்டும், பல்லடம் பக்கம் தறிக் காடாத் துணி வாங்கலாம் என்றார். அவருடைய தம்பியே அங்கே தறி ஓட்டுகிறார். வெளுக்காத, சாயம் போடாத கெட்டித் துணி, பழுப்பு நிறத்தில் வந்து இறங்கியது. சுருங்குவதெல்லாம் இங்கேயே சுருங்கட்டும் என்று அலசி, மாடியில் காயப்போட்டோம். நல்லூர்த் தெருவில் பஸ்ஸில் போகிறவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

நூல் விஷயத்தில் அம்மாவுக்கும் கட்டிங் அக்காவுக்கும் முட்டிக்கொண்டது. அம்மா பருத்தி நூல்தான் என்றாள், அவள் எப்போதும் அதில்தான் தைத்திருக்கிறாள். வெயிலுக்கும் உப்புக்கும் பாலியெஸ்டர் நூல்தான் நிற்கும் என்று அக்கா சொன்னார், மிகுந்த மரியாதையாக, ஆனால் விட்டுக்கொடுக்காமல். அக்கா சொல்வதுதான் சரி என்று எனக்குப் பட்டது, அப்படியே சொன்னேன். அம்மா எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் வந்து, ஓரம் மடித்து இரட்டைத் தையல் போட வேண்டும், வளையம் பித்தளையாக இருக்க வேண்டும், இரும்பு என்றால் துருப்பிடித்துத் துணியைத் தின்றுவிடும் என்று மட்டும் சொன்னாள். அதற்கு அக்கா உடனே சரி என்றார். வடக்குப் பக்கத்துத் திரையை நான் தைக்கிறேன் என்று அம்மா மெஷினில் உட்கார்ந்தாள். ஊசியில் நூல் கோக்க மட்டும் என்னைக் கூப்பிட்டாள்.

அந்த வாரம் யூனிட்டில் டி-ஷர்ட் லைன் கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடியது. ஒவ்வொருவரும் ஒரு ஓரமாவது தைக்க வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். பிகார்ப் பையன்கள் வளையம் அடித்தார்கள். நான் யாரையும் தடுக்கவில்லை.

திரைகளை மாட்ட நானும் அம்மாவும் கட்டிங் அக்காவும் ரயிலில் போனோம். மூட்டையை அக்கா மடியிலிருந்து இறக்கவே இல்லை. அதிகாரியும் அவருடைய உதவியாளரும் பழைய துணியைக் கழற்ற, நாங்கள் ஒவ்வொன்றாகக் கொக்கியில் மாட்டினோம். அளவு பிசகுமோ என்று ஒவ்வொரு கொக்கியையும் இரண்டு தடவை பார்த்தேன். ஒன்றும் பிசகவில்லை. கடைசித் திரையும் விழுந்ததும் அறைக்குள் வெயில் பழுப்பாக அடங்கியது. லென்ஸின் கூசும் பளபளப்பு போய், கண்ணாடி வளையங்கள் நிழலில் தெளிவாகத் தெரிந்தன. கட்டிங் அக்கா ஒவ்வொரு திரையின் அடியோரத்தையும் இழுத்து நேராக்கிக்கொண்டே ஒரு சுற்று வந்தார்.

பொழுது சாய்ந்ததும் விளக்கேற்றும் நேரம். திரையை விலக்க வேண்டும். அதிகாரி அம்மாவைப் பார்த்து, நீங்களே விலக்குங்கள் அம்மா என்றார். அம்மா ஒவ்வொன்றாக ஒதுக்கி, சுருக்கம் விழாமல் நீவிக் கட்டினாள். கடல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்தது. சுவிட்சைப் போட்டார்கள், லென்ஸ் நகர ஆரம்பித்தது. நாங்கள் ஓரமாக நின்றோம். நாங்கள் தைத்த துணி எத்தனையோ நாட்டுக்குப் போயிருக்கிறது. அப்போதெல்லாம் வராத ஒரு நிமிர்வு அன்று எனக்குள் வந்தது. அப்பாவின் இடத்தில், அம்மாவின் வேலையை, என் ஆட்களின் கையால் செய்து முடித்திருந்தோம்.

"அடுத்த தடவைக்கு வடக்குத் திரைய ஒரு விரக்கடை கூட்டி வெட்டணும்" என்றாள் அம்மா. எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

இப்போது அந்த அதிகாரி மேலே வருகிறவர்களுக்குச் சரித்திரம் சொல்லும்போது, கொடிமரம், மாட்டு வண்டி, புயல் எல்லாவற்றோடும் எங்களையும் சேர்த்துக்கொள்கிறாராம். எனக்கு இது எப்படித் தெரிந்ததென்றால், போன மாதம் கட்டிங் அக்காவின் நாத்தனார் குடும்பம் தெற்கே கோயில்களுக்குப் போய்விட்டு, அக்கா சொல்லியிருந்ததால் லைட் ஹவுஸையும் பார்க்கப் போயிருக்கிறது. அங்கிருந்தே போன் போட்டுவிட்டார்கள். அக்கா கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, எல்லோரையும் மெஷினை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். ஸ்பீக்கரில் காற்றுச் சத்தத்துக்கு நடுவே நாத்தனார் பேசினார்.

"ஏனுங்க அண்ணி, இந்தத் திரையெல்லாம் திருப்பூர்ல, இங்க வேலை பாத்தவரு குடும்பம் தச்சுக் குடுத்ததுன்னு இந்தப் பொண்ணு சொல்லுதுங்க. அது உங்க யூனிட்டுங்களா?"

"ஆமாங்க" என்றார் அக்கா. "நாங்கதானுங்க."